காலிக் கோப்பையில் குடித்துப் பழகியவன்

"நான் மண்ணுல பாத்திரம் செய்யக் கத்துக்கப் போறேன்" என்று தம்பி வாசலில் நின்று அறிவித்தபோது அக்கா தலையை நிமிர்த்தவில்லை. ஊசிக் காதுக்குள் நூல் நுழைகிற நேரம் அது. நுழைந்து முடிந்ததும்தான் கேட்டாள்.

"எந்த நாடகத்துல?"

"நாடகத்துல இல்லக்கா. நிஜமா."

"நிஜமான்னா?"

"நிஜமான்னா என்ன சொல்றது? மண்ணு, தண்ணி, சக்கரம். பின்னாடி தெருவுல பட்டறை இருக்கே, அங்க சேர்ந்துட்டேன்."

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அறுபதைத் தாண்டிய ஆள். நரைத்த மீசை, நல்ல உயரம், எதிர்வீட்டுக்கும் கேட்கிற குரல். அவன் வாயிலிருந்து "நிஜமா" என்ற சொல் வந்து அவள் கேட்டது அபூர்வம். இளமையில் ஒருமுறை, "நிஜமா கல்யாணம் பண்ணிக்கப் போறேன்" என்றான். பெண் வீட்டார் அவனைப் பார்க்க நாடகக் கொட்டகைக்கே வந்தார்கள். அவர்கள் உள்ளே நுழைந்த நேரம் அவன் மேடையில் கத்திக்குத்து வாங்கி, வாயோரம் சிவப்புச் சாயம் வழியச் செத்துக்கிடந்தான். பெண்ணின் அம்மா வந்த வழியே வெளியே போனவர், அப்புறம் திரும்பி வரவே இல்லை.

சாவதுதான் அவன் தொழில். நாடகக் குழுவில் கதாநாயகன் காதலிப்பான், கதாநாயகி பாடுவாள், தம்பி சாவான். விஷம் குடித்துச் சாவான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாவான், படிக்கட்டில் உருண்டு சாவான். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு சாவு போல இன்னொரு சாவு இருந்ததில்லை. இதை அக்கா எந்தக் கோவிலிலும் சத்தியம் செய்து சொல்வாள். அத்தனை நாடகத்தையும் பார்த்தவள் அவள். மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. தம்பி செத்து முடிந்ததும் பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் அவர் தோளைத் தொட்டு, "என் தம்பிதான். நல்லா செத்தான் இல்ல?" என்பாள். சிலர் எழுந்து வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள். அதன் பிறகு அவளும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். மிச்ச நாடகத்தில் என்ன இருக்கிறது?

அவளுக்குத் தையல் தொழில். ஆஸ்பத்திரிக்கும் ஓட்டலுக்கும் காவலாளிகளுக்கும் சீருடை தைப்பாள். ஒரு நூல் பிசகினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பவள். தம்பி மேடையில் போட்டுக்கொண்ட உடைகளில் பாதி அவள் தைத்தவை. விழுகிற விழுகைக்குக் கிழியாமல் இருக்க, முழங்காலிலும் பின்பக்கத்திலும் இரட்டைத் தையல் போடுவாள்.

துணி தாங்கியது. முழங்கால்தான் தாங்கவில்லை. ஒருநாள் படிக்கட்டில் உருண்டு பிரமாதமாகச் செத்தவன், கடைசியில் எல்லோரும் வந்து வணங்குகிற நேரத்தில் எழுந்திருக்க முடியாமல் அப்படியே கிடந்தான். கதாநாயகன் ஒரு கையையும் வில்லன் ஒரு கையையும் பிடித்துத் தூக்கினார்கள். கொட்டகையே சிரித்தது. குழுத் தலைவர் மறுநாள் வீட்டுக்கே வந்து, "உட்கார்ந்தபடியே சாகிற மாதிரி வேஷம் ஏதாவது வந்தா சொல்லி அனுப்பறேன்" என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்படி ஒரு வேஷம் வரவே இல்லை.

அப்படித்தான் தம்பி அக்கா வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? சாப்பிடக் கீழே வருவதென்றால் மாடிப்படியின் நடுவில் ஒரு கணம் நின்று, கூடத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு இறங்குவான். உப்பு கேட்டால் கடைசி வரிசைக்குக் கேட்கும். அக்காவின் வீட்டுக்காரர் தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். சைரன் சத்தத்திலேயே காலம் தள்ளிய மனிதர். அவரே காதில் பஞ்சு வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

"இவனுக்கு ஏதாவது ஒரு வேலை பாரு. இல்லன்னா எனக்குப் பாரு. யாராவது ஒருத்தர் வெளிய போகணும்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்.

அதனால் பட்டறைச் செய்தி கேட்டு முதலில் மகிழ்ந்தவர் அவர்தான். ஆனாலும் பழக்கம் விடுமா? "சூளை இருக்குங்கறியே, வெளிய வர வழி எத்தனை இருக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டு, அத்தான்."

"அப்ப போயிட்டு வா."

பட்டறை முன்பு கார் பழுதுபார்க்கும் கொட்டகையாக இருந்தது. தரையில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. எட்டுச் சக்கரங்கள், ஒரு மின்சூளை, மண் கரைக்கும் வாளிகள், பின்சுவர் முழுக்கப் பாத்திரம் அடுக்கும் மரத்தட்டுகள். அதை நடத்துகிற அம்மாள் அதற்கு முன் ரொட்டிக்கடை வைத்திருந்தவர். மாவு பிசைந்த கை, முழங்கை வரை உலக்கை மாதிரி இருக்கும். அவர் பேச்சில் கறார் தவிர வேறு எதுவும் கிடையாது. கற்றுக்கொள்ள ஒரு வருடம். வருட முடிவில் ஒரே மாதிரி ஆறு கோப்பை செய்து காட்ட வேண்டும். அவற்றில் சூடாக டீ ஊற்றி, செய்தித்தாள் மேல் வைத்து, எல்லோரும் பேசிக்கொண்டே குடிப்பார்கள். ஆறு கோப்பைகளின் அடியிலும் தாள் நனையாமல் இருந்தால் பின்சுவரில் ஒரு தட்டு கற்றவருக்குச் சொந்தம். காலம் பூராவும் வரலாம், செய்யலாம். நனைந்தால் சக்கரத்தை அடுத்தவருக்கு விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். "வாசல்ல எப்பவும் நாலு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. இதுல பாவம் பார்த்தா பட்டறை நடத்த முடியாது" என்பார் பட்டறைக்காரம்மா.

அந்தத் தட்டின் மேல் தம்பிக்குக் கண் விழுந்தது முதல் நாளே. ஏன் என்று அக்காவுக்குச் சொல்லாமலே புரிந்தது. நாடகக் குழுவின் ஒப்பனை அறையில் கதாநாயகனுக்குச் சுற்றிலும் விளக்கு வைத்த கண்ணாடி உண்டு. வில்லனுக்கு ஒரு மேசை உண்டு. தம்பிக்குக் கதவின் பின்னால் இருந்த ஆணிதான். அதிலும் அவன் சட்டைக்கு மேல் நாலு பேர் சட்டை தொங்கும். இத்தனை வருடத்தில் இது என் இடம் என்று அவன் கை வைத்துக் காட்ட ஒரு சாண் பலகை இருந்ததில்லை.

"எப்படியாவது அந்தத் தட்டை வாங்கிடணும்க்கா" என்றான். வழக்கமான குரலில் இல்லை, மெதுவாக. அக்காவுக்கு அதுதான் கவலையாகப் போயிற்று.

முதல் நாள் பட்டறையில் நடந்ததைப் பல் டாக்டர் சொல்லித்தான் அக்காவுக்குத் தெரிந்தது. அவரும் அன்றுதான் சேர்ந்திருந்தார். உள்ளே நுழைந்தால், சக்கரத்தின் முன் ஒருவர் கண்களை மூடி, நீண்ட மூச்சு இழுத்து, ஈரக் கைகளை மண்ணின் மேல் ஆசீர்வதிப்பது போல வைத்திருக்கிறார். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் அவரைச் சுற்றி வட்டமாக நின்றுவிட்டார்கள்.

"எத்தனை வருஷமா செய்யறீங்கய்யா?" என்று பல் டாக்டர் பயபக்தியோடு கேட்டிருக்கிறார்.

கண்ணைத் திறக்காமல் தம்பி சொன்னானாம்: "அதை மண்ணு சொல்லும்."

பிறகு கால்விசையை அழுத்தினான். சக்கரம் சுழன்ற வேகத்தில் மண் கட்டி எழும்பிப் பறந்து, டாக்டரின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் அப்பியது.

"நடிகர் சார், மண்ணு சொல்லிடுச்சு" என்றார் பட்டறைக்காரம்மா.

அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஒரு வேஷம் வந்தால் அந்த ஆளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்து, நடை உடை பாவனை அத்தனையையும் எடுத்துக்கொள்வதுதான் அவன் கற்ற வித்தை. சேருவதற்கு முன் ஒரு மாலைப் பொழுது முழுக்கப் பட்டறைக்காரம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் உட்காரும் விதம், கையை நனைக்கும் விதம் எல்லாம் அச்சு அசலாக வந்துவிட்டது. மண்ணைத் தொடும் முன் இடது தோளை மூன்று தரம் அழுத்தித் தேய்த்துக்கொள்வதையும் அவன் விடவில்லை. ஒரு மாதம் போனபின் அவரால் பொறுக்க முடியவில்லை.

"சார், எதுக்கு ஒவ்வொரு வாட்டியும் தோளைத் தேய்க்கறீங்க?"

"நீங்க தேய்க்கறீங்களே அம்மா?"

"எனக்கு அங்க வலி, சார்! ரொட்டிக்கடையில பிடிச்ச வலி!"

தம்பி முகத்தில் அசடு வழிந்தது. ஆனால் அந்தப் பழக்கம் மட்டும் கடைசி வரை போகவில்லை. தேய்க்காமல் தொட்டால் மண் கேட்க மாட்டேன் என்கிறது என்றான்.

மெல்ல மெல்லக் கை பழகியது. மண் நடுவில் நிற்க ஆரம்பித்தது. சுவர் எழும்பியது. ஒருநாள் இரண்டு கோப்பைகளைத் துண்டில் சுற்றிக் குழந்தையைப் போல எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அக்கா தையல் மேசையில் ஆஸ்பத்திரித் துணியை வெட்டிக்கொண்டிருந்தாள். பால் வெள்ளை. அதன் மேலேயே கோப்பைகளை வைத்தான்.

அக்காவின் கத்திரி பாதியில் நின்றது. ஆழ்ந்த நீலம், மேலே மெருகு, வயிற்றில் வெள்ளைப் பூ ஒன்று. இவை கடையில் இருந்தால் யாரும் நின்று பார்ப்பார்கள்.

"பாரு" என்று சொல்லி அவன் ஒரு கோப்பையை எடுத்தான். விரல்கள் பிடிக்குள் நுழைந்தன. வராத ஆவியை ஊதினான். ஒரு வாய் உறிஞ்சினான். கண்ணை மூடித் தொண்டைக்குள் இறக்கினான். அக்காவுக்கு நாவில் எச்சில் ஊறியது. "கனம் சரியா இருக்கு. உதட்டுக்கு இதமா இருக்கு. பத்து தடவை குடிச்சுப் பார்த்துட்டேன்" என்றான்.

அக்கா பெருமை தாங்காமல் கூஜாவிலிருந்த டீயை இரண்டிலும் ஊற்றி, வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் வந்து சேர்வதற்குள் வெள்ளைத் துணியில் இரண்டு பழுப்பு வட்டங்கள் விழுந்து, பெரிதாகி, ஒன்றையொன்று தொட்டுவிட்டன.

"கசிவு!" என்றார் அவர். அந்த ஒரு சொல்லைக் கேட்டால் அவருக்கு இருபது வயது குறைந்துவிடும். "எல்லாரும் தள்ளுங்க! எங்கேர்ந்து வருது? யாரும் தொடாதீங்க!" ஓடிப்போய் வாளியோடு வந்தார்.

அக்கா டீயை வாளியில் கவிழ்த்துவிட்டுக் கோப்பைக்குள் பார்த்தாள். வெளியே பளபளவென்று இருந்தது உள்ளே பூந்தொட்டி மாதிரி வெறும் மண்ணாக இருந்தது.

"உள்ள மெருகு பூசலையே, ஏன்டா?"

"உள்ள யாரு பார்க்கப் போறாங்க?"

திருப்பிப் பார்த்தாள். பூ ஒரு பக்கம்தான். "பின்னாடி?"

"அது சுவர்ப் பக்கம்க்கா."

"குடிச்சுப் பார்த்தேன்னியே, எதை ஊத்திக் குடிச்சே?"

தம்பி புரியாமல் பார்த்தான். "ஊத்தணுமா?"

அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. மேடையில் எந்தக் கோப்பையிலும் எதுவும் இருக்காது. உடையில் கறை படும் என்று ஊற்ற மாட்டார்கள். முப்பத்தைந்து வருடம் இவன் காலிக் கோப்பையில் காப்பி குடித்திருக்கிறான், மது குடித்திருக்கிறான், விஷம் குடித்திருக்கிறான். இவன் குடிப்பதைப் பார்த்துத் தாகம் எடுத்து இடைவேளையில் ஜனங்கள் டீக்கடைக்கு ஓடுவார்கள் என்று கொட்டகை வாசல் டீக்கடைக்காரரே சொல்லுவார். கோப்பை என்றால் பார்க்கிற பொருள் என்றுதான் இவன் கை அறிந்திருக்கிறது.

"இதோ பாரு," என்றாள், கத்திரிக்கோலைக் கீழே வைக்காமல். "இந்த வீட்டுல இனிமே நீ காலிக் கோப்பைய வாய்கிட்ட கொண்டு போனே, கைய ஒடிச்சுடுவேன்."

"டீ ஆறிடுச்சுன்னா?"

"ஆறினதைக் குடி!"

அதோடு விடாமல் தானே களத்தில் இறங்கினாள். ஆறு கோப்பை ஒரே மாதிரி வேண்டும், அவ்வளவுதானே? ஒரே அளவில் நூறு சட்டை வெட்டுபவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா? வீட்டிலிருந்த நல்ல கோப்பை ஒன்றை நாடாவால் சுற்றளவு, உயரம், வாய், அடி என்று அளந்து, தடித்த அட்டையில் அதன் பாதி உருவத்தை வெட்டிக் கொடுத்தாள். தம்பி அந்த அட்டையை வைத்து இம்மி பிசகாமல் ஆறு செய்து சூளையில் கொடுத்தான். இந்த முறை உள்ளேயும் பூசினான், பின்னாலும் பூ வைத்தான்.

வெந்து வந்தபோது ஆறும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஆனால் பொம்மைக் கல்யாணத்துக்குச் செய்தவை மாதிரி இருந்தன.

"மண்ணு காயும்போதும் வேகும்போதும் சுருங்கும்னு உங்க அக்காவுக்குச் சொல்லலையா, சார்?" என்று பட்டறைக்காரம்மா கேட்டாராம். அக்காவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துச் சுருங்க விடாமல் ஒரு நாளும் கத்திரி வைக்காதவள் அவள். வீட்டுக்காரர் மட்டும் ஒரு கோப்பையை எடுத்துவைத்துக்கொண்டார். "இருமல் மருந்துக்குச் சரியான அளவு" என்றார். அடுத்த அட்டையைச் சுருக்கத்துக்கு இடம் விட்டு வெட்டினாள். வீட்டில் அது பற்றிப் பேச யாருக்கும் அனுமதி இல்லை.

சோதனை நாள் வந்தது. அக்கா நல்ல உடை உடுத்திக்கொண்டு பட்டறைக்குப் போய், இருந்த முக்காலிகளில் மூன்றாவதாக இருந்ததில் உட்கார்ந்தாள். தம்பி அவள் பக்கத்தில் வந்து குனிந்தான். நெற்றியெல்லாம் வேர்வை.

"வசனம் இல்லையேக்கா. நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா நில்லு."

"அதைத்தான் கேக்கறேன். சும்மா எப்படி நிக்கறது? கைய எங்க வெக்கறது?"

நீள மேசையில் செய்தித்தாள் விரித்து ஆறு கோப்பைகளையும் வரிசையாக வைத்தார்கள். நீலமும் வெள்ளையும். பட்டறைக்காரம்மா கெட்டிலிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஊற்றினார். பல் டாக்டரும் மற்றவர்களும் சுற்றி நின்று பேச ஆரம்பித்தார்கள். மண் விஷயம், மழை விஷயம். தம்பி கைகளை முன்னால் கட்டினான், பின்னால் கட்டினான், கடைசியில் இடது தோளைத் தேய்க்க ஆரம்பித்தான்.

அக்காவின் பார்வை தாளை விட்டு நகரவில்லை. நூல் பிசகைக் கண்டுபிடிக்கிற கண். ஓரத்தில், அவள் பக்கமாக இருந்த ஆறாவது கோப்பையின் அடியில் ஒரு எழுத்து ஈரத்தில் கறுத்தது. பிறகு பக்கத்து எழுத்து. வேறு யாரும் அந்தப் பக்கம் இல்லை.

அவள் யோசிக்கவே இல்லை. எட்டி அந்தக் கோப்பையை எடுத்தாள். கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் விழுங்கினாள். காது வரை தீப்பிடித்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் நெற்றியில் புறங்கையை வைத்து, "ஆஹா! எவ்வளவு தாகம் எனக்கு! என்ன ருசி!" என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். அவள் அந்த இடத்துத் தாளைச் சர்ரென்று கிழித்து நாலாக மடித்தாள். "இதுல ஒரு செய்தி இருக்கு, அப்புறம் படிக்கணும்" என்று சொல்லிப் பைக்குள் திணித்தாள்.

"என்ன செய்தி?" என்றார் பல் டாக்டர்.

"மழை" என்றாள் அக்கா.

தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். நடந்தது என்ன என்று அவனுக்கு அந்த ஒரு மடக்கிலேயே தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் தட்டு கையில். கண்ணை வேறு பக்கம் திருப்பினான். நெற்றியில் வைத்த புறங்கையைப் பொறுத்துக்கொண்டான். "மழை"யையும் பொறுத்துக்கொண்டான். ஆனால் அக்கா அத்தோடு நிறுத்தவில்லை. காலிக் கோப்பையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டி, சிரித்து, "இந்தக் கோப்பையில ஒழுகல் கிழுகல் எதுவுமே இல்லைங்க!" என்றாள்.

"அக்கா, போதும்!" என்று கத்திவிட்டான் தம்பி. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. "யாராவது கேட்டாங்களா? கேக்காத கேள்விக்கு எதுக்குப் பதில் சொல்றே? நெத்தியில கை வெச்சா அதுக்குப் பேரு தாகமா? அது தலைவலி! இப்படி ஒரு நடிப்பை நான் என் ஆயுசுல பார்த்ததில்ல!"

தான் என்ன சொன்னோம் என்று தம்பிக்கு உறைக்க ஒரு கணம் ஆனது. அப்புறம் குரலை இறக்கி, பட்டறைக்காரம்மாவைப் பார்த்துச் சொன்னான். "ஆறாவது ஒழுகுதுங்கம்மா."

அவர் கோப்பையைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். பல் டாக்டர் எட்டிப் பார்த்து, "இதை நான் அடைச்சுத் தர்றேன். கடைவாய்ப் பல்லுல இதைவிடப் பெருசெல்லாம் அடைச்சிருக்கேன்" என்றார்.

"ஆறுன்னா ஆறு டாக்டர்" என்றார் பட்டறைக்காரம்மா. அக்காவைப் பார்த்தார். அக்கா வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்தார். "சூளையில கம்பி ஒண்ணு போயிடுச்சு. எலக்ட்ரீஷியன் வந்து மாத்தி, ரெண்டு சோதனை வேக்காடு போடப் போறாரு. அது முடியற வரைக்கும் புது ஆளை நான் சேர்க்க முடியாது. அதுவரைக்கும் சக்கரம் உங்களுது. ஆறாவதுக்குப் பதிலா ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. அதுவும் ஒழுகிச்சுன்னா என்கிட்ட முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கக் கூடாது."

வீட்டுக்குப் போகிற வழியிலும் அக்கா வாயைத் திறந்தபடியே நடந்தாள்.

"நாக்கு வெந்துடுச்சா?" என்றான் தம்பி.

"ம்."

"கொதிக்கக் கொதிக்க அப்படியே குடிச்சியே."

"ம்."

"அது மட்டும்தான்க்கா நல்லா இருந்துச்சு. மத்ததெல்லாம் சகிக்கல."

அக்கா நடுத்தெருவில் நின்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

அதன் பிறகு தம்பி ஒரு கோப்பைக்காகப் பல கோப்பைகள் செய்தான். அடியை விரலால் அழுத்தி அழுத்திக் கெட்டிப்படுத்தினான். சந்தேகம் வந்ததையெல்லாம் நசுக்கி மறுபடி வாளியில் போட்டான். முன்பெல்லாம் ஒன்றைச் செய்து முடித்ததும் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்ப்பான். இப்போது கோப்பையைத்தான் பார்த்தான். முதல் வேக்காட்டுக்கு மூன்று தேறின. வெந்து வந்ததும் அத்தான் அவற்றை வாங்கி, உள்ளே டார்ச் அடித்து, வெளியே இருட்டில் பார்த்து, ஒன்றைத் தள்ளினார். இன்னொன்றைப் பட்டறைக்காரம்மா விரலால் சுண்டிச் சத்தம் கேட்டுத் தள்ளினார். மிச்சம் இருந்த ஒன்றை உள்ளும் புறமும் பூசி இரண்டாம் வேக்காட்டுக்குக் கொடுத்தான்.

சூளை திறக்கும் காலை, அக்காவும் போனாள். வாயைத் திறக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது, முகத்தைக்கூட அசைக்கக் கூடாது என்று தம்பி வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். எலக்ட்ரீஷியன் ஏற்கெனவே அங்கே இருந்தார். காதில் பென்சில், கையில் திருப்புளி. சூளை நன்றாக வேலை செய்ததா என்பது அவர் கவலை.

பட்டறைக்காரம்மா கோப்பையை வெளியே எடுத்தார். கழுவினார். செய்தித்தாளை விரித்தார். டீயை ஊற்றி, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எலக்ட்ரீஷியன் முன்னால் வைத்தார்.

"பழைய கம்பி ஏன் போச்சு தெரியுமாம்மா?" என்று கேட்டபடியே அவர் கோப்பையை எடுத்தார். "லூசா மாட்டியிருக்காங்க." ஒரு வாய் குடித்தார். "நான் மாட்டினது அப்படி இல்ல." தாளில் வைத்தார். கம்பியைப் பற்றி, அதை மாட்டிய முட்டாளைப் பற்றி, ஊரில் உள்ள எல்லா முட்டாள்களையும் பற்றிப் பேசினார். எடுத்தார், குடித்தார், வைத்தார். தம்பி கைகளைத் தொங்கவிட்டுச் சும்மா நின்றான். மேடையில் ஒருநாளும் அவன் அப்படி நின்று அக்கா பார்த்ததில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெந்த நாக்கு இன்னும் முழுக்க ஆறவில்லை.

எலக்ட்ரீஷியன் குடித்து முடித்துப் பையைக் கட்ட ஆரம்பித்தார். பட்டறைக்காரம்மா கோப்பையைத் தூக்கினார். அடியில் விரலை வைத்துப் பார்த்தார். தாளைத் தடவினார். கையில் எடுத்து வெளிச்சத்திலும் பிடித்துப் பார்த்தார்.

"கீழ்த்தட்டு," என்றார். "வாளிக்குப் பக்கத்துல இருக்கறது. குனிஞ்சுதான் எடுக்கணும், முழங்காலைப் பார்த்துக்குங்க."

தம்பி பின்சுவர் வரை நடந்து போய், அந்தத் தட்டின் மேல் உள்ளங்கையைப் பதித்துவிட்டுத் திரும்பி வந்தான். பிறகு எலக்ட்ரீஷியன் முன்னால் போய் நின்றான்.

"கோப்பை எப்படிங்க இருந்துச்சு?"

"எந்தக் கோப்பை?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"இப்ப டீ குடிச்சீங்களே."

"குடிச்சேனா?" அவர் தன் கையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், நாக்கைச் சுழற்றிப் பார்த்தார். "ஆமா, குடிச்ச மாதிரிதான் இருக்கு."

அக்காவுக்குக் கட்டளையெல்லாம் பறந்துபோயிற்று. "ஏன்யா, கண்ணு தெரியலையா உமக்கு? ஒரு வருஷம் தலையால தண்ணி குடிச்சுச் செஞ்சிருக்கான் என் தம்பி, எந்தக் கோப்பைன்னு கேக்கறீரே?"

தம்பி அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். சத்தமே இல்லாமல், உடம்பு குலுங்க.

"விடுக்கா. அவரு பார்க்கவே இல்ல! எடுத்தாரு, குடிச்சாரு, வெச்சாரு. பார்க்கவே இல்ல!"

எதற்காக இந்த மனிதர் இப்படிச் சந்தோஷப்படுகிறார் என்று எலக்ட்ரீஷியனுக்கு விளங்கவில்லை. ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று மட்டும் புரிந்தது. கட்டிய பையை அவிழ்த்துத் தரையில் வைத்துவிட்டு, மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. இன்னொரு வாட்டி ஊத்துங்க. இந்தத் தடவை பார்த்துக்கிட்டே குடிக்கறேன்."